தனிக் கிணறா, கூட்டுக் கிணறா?

நன்றாக ஓடுகிற மோட்டாருக்காக எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் தொழிலில் போன் அடித்தால் அந்தப் பக்கம் ஒரு கோபம் இருக்கும், அல்லது காய்ந்த வாழை இருக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். தோட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி இருக்கிறது. மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் அதை மாட்டுவோம். உள்ளே ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்குப் போன் செய்து ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய் அந்தப் பெட்டியை மாட்டுவதும், மாட்டிய பிறகு திட்டு வாங்குவதும்தான் என் முதல் வேலை.

படிப்பை முடித்துவிட்டு, ‘இப்ப என்ன பண்ற?’ என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் என் ஆள். மின்னியல் பொறியியல் முடித்து ஒன்றரை வருடம் நான் அப்படித்தான் சாப்பிட்டேன். கடைசிப் பந்தியில் அப்பளம் இருக்காது. பாயசம் இருந்தாலும் முந்திரி இருக்காது. சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

ஜீப்பில் ஒரு இடம்

என் அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். விடிவதற்குள் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், கேரளத்துத் தோட்டத்தில் ஏலக்காய் பறித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எரிந்த அடுப்பும் நான் படித்த படிப்பும் அந்த ஜீப் போய் வந்ததால் ஆனவை. அந்த ஜீப்பில் உட்காரும் இடம் என்று எதுவும் கிடையாது, ஒடுங்கும் இடம்தான் உண்டு. மலை வளைவுகளில் அது சாய்கிற சாய்வை ஒருமுறை பின்னாலிருந்து பார்த்தேன். அன்றிலிருந்து அம்மா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு சரியாக வரும்.

அம்மாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி வந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். இடம் காலி. ஒருநாள் ஜீப் டிரைவர் வீட்டு வாசலுக்கே வந்து, “மக சும்மாதான இருக்கு, அதையும் கூட்டிட்டு வாங்களேன்” என்று கேட்டார். நான் உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அவரை ஒரு பிடி பிடிப்பாள் என்று எதிர்பார்த்துத் துலக்குவதை நிறுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் நான்கு வருடப் படிப்பும் வாயில் பற்பசையோடு கசந்தது. பிறகு அவள் சொன்னது: “கொஞ்ச நாள் பொறுப்பா. அந்த எடத்துல வேற ஆள மட்டும் ஏத்திறாத.”

இரண்டே கேள்வி

அடுத்த வாரமே கம்பத்தில் மோட்டார் சாமான் விற்கும் ஒரு கடையில் ஆள் தேவை என்று தெரிந்து போய் நின்றேன். முன்பு இருந்த மெக்கானிக் துபாய் போய்விட்டாராம். மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், கல்லூரியில் செய்த புராஜக்ட், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். முதலாளி அதைத் திறக்கவே இல்லை. கேட்டது இரண்டே கேள்வி. “ஸ்கூட்டர் ஓட்டுவியா?” ஓட்டுவேன் என்றேன். “தோட்டத்துக்குத் தோட்டம் நாய் கெடக்கும். நாய்க்குப் பயமா?” இல்லை என்றேன். தெருநாய் எதிரே வந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவள் நான். முதல் வேலையின் முதல் பொய் அது.

பெண் பிள்ளையை மோட்டார் ரூமுக்கு அனுப்பி அவர்களுக்குப் பழக்கமில்லை. மூன்று மாதம் பார்ப்போம், விவசாயிகள் ஏற்றுக்கொண்டால் இருக்கலாம், பெரிய புகார் ஏதாவது வந்தால் அன்றோடு சரி என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுச் சான்றிதழ் உறையை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன். பெரிய மனசோடு அதை என் பக்கமே திருப்பித் தள்ளிச் சொன்னார்: “இத வீட்ல பத்திரமா வையிம்மா. மோட்டாருக்கு வாசிக்கத் தெரியாது.”

பல்லி

முதல் வாரம் கூடலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். மோட்டார் ஓடவில்லை என்று போன். நான் ஸ்கூட்டரை நிறுத்தி, டூல்ஸ் பையோடு இறங்கினேன். தோட்டக்காரர் எனக்குப் பின்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “மெக்கானிக் பின்னால வாராகளா?” என்றார். நான்தான் மெக்கானிக் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் ரோட்டைப் பார்த்தார்.

ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பல்லி என் கையில் குதித்து, தோள் வழியாக ஏறி, தலையைத் தொட்டுப் போனது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். வேகமாக வேலையைத் தொடங்கினேன். தகடுகளுக்கு நடுவில் இன்னொரு பல்லி கருகிக் கிடந்தது. அதனால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. மெயினை அணைத்து, அதை எடுத்துப் போட்டு, தகட்டைத் தேய்த்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கொட்டியது. கிளம்பும்போது ஒரு கூடைத் திராட்சையை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிவிட்டார் அந்த மனிதர். கட்டிக்கொண்டே தன் மனைவியிடம் சொன்னது இன்னும் எனக்குக் கேட்கிறது: “பல்லிக்கு இம்புட்டுப் பயப்படுற புள்ள, கரண்டுக்குள்ள கைய விட்டுருச்சு பாரு!”

வழி

கடையில் பில் போடுகிறவர் ஜெயா அக்கா. புகார் நோட்டும் அவரிடம்தான். அந்த நோட்டில் பெயர் இருக்கும், என்ன கோளாறு என்று இருக்கும், முகவரி மட்டும் இருக்காது. கிணறுகளுக்குக் கதவு எண் ஏது? போகப் போக போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருநாள் சின்னமனூரைத் தாண்டி ஒரு தோட்டத்துக்கு வழி கேட்டேன். “கால்வாய் பாலந் தாண்டி வா. அங்கன ஒரு பெரிய புளியமரம், அதுக்கு எதுத்தாப்ல திரும்பு” என்றார் தோட்டக்காரர். பாலம் தாண்டினேன், மரம் இல்லை. இன்னும் கொஞ்சம் போனேன், ஒரு நாய்தான் இருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு பாலத்துக்கே வந்துவிட்டேன். மறுபடி போன் செய்து, மரமே இல்லையே ஐயா என்றேன். அந்த மரத்தை ரோடு அகலப்படுத்தும்போதே வெட்டிவிட்டார்களாம். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது: “மரம் இல்லாத எடம் தெரியும்ல, அங்கன வந்து நில்லு!”

மலையாளத்துப் பெண்

கடமலைக்குண்டிலிருந்து ஒரு புகார். கம்பத்திலிருந்து தேனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வருசநாட்டுப் பக்கம் இன்னொரு பஸ். போவதற்கே பாதிப் பகல் ஆகும். என்ன கோளாறு என்று ஜெயா அக்கா எழுதி வைத்திருந்தது ஒரே வரி: ‘வீட்டில் சண்டை.’

போய்ப் பார்த்தால், பெட்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கேரளத்துக்குப் போக வேண்டிய பெட்டி அது, மாறி இங்கே வந்துவிட்டது. எங்கள் பெட்டிக்குப் போன் செய்தால் உள்ளே பதிவு செய்த ஒரு பெண் குரல் பேசும். இந்தப் பெட்டியில் அவள் மலையாளத்தில் பேசினாள். எல்லைப் பக்கம் என்றால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். இங்கே வீட்டுக்காரர் தினமும் காலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவதும், போனிலிருந்து ஒரு பெண் மலையாளத்தில் பேசுவதும், இவர் சிரித்துக்கொண்டே திரும்புவதும் பத்து நாளாக நடந்திருக்கிறது. மோட்டார் ஓடுகிற சந்தோசத்தில் சிரித்தேன் என்று அவர் சொன்னதை மனைவி நம்பவில்லை.

நான் மொழியைத் தமிழுக்கு மாற்றி, அந்த அம்மாவின் காதிலேயே போனை வைத்தேன். ‘உங்கள் மோட்டார் இயங்குகிறது. நன்றி’ என்றது பெட்டி. அணைத்தோம். ‘உங்கள் மோட்டார் நின்றுவிட்டது. நன்றி’ என்றது. அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, போனைக் கணவரிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: “கட்டிக்கிட்டு வந்து இருவது வருசமாச்சு, நான் ஒருநாளும் இந்த மனுசனுக்கு நன்றி சொன்னதில்ல. இவ வந்து ஒரு நிமிசத்துல ரெண்டு தடவ சொல்லிட்டா.”

நண்டு வளை

எங்கள் விளம்பரத் தாளில் ‘இனி வயலுக்கு நடக்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு நெல் விவசாயி அந்தப் பெட்டியை வாங்கிய பிறகும் தினமும் நடந்தார். வீட்டிலிருந்து போன் செய்து மோட்டாரைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு அது பெரிய மனக்குறையாக இருந்தது. பெட்டியை நம்ப வேண்டும் ஐயா, அதுதான் ஓடுகிறது என்று சொல்கிறதே என்று ஒருநாள் நடுவரப்பில் நின்று அவருக்கு விளக்கினேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வரப்போரத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டையைக் காலால் மிதித்துக்கொண்டே கேட்டார்: “போன் போட்டா மோட்டார் ஓடும், சரி. இந்த நண்டு வளைய யாரு, நீ வந்து அடைப்பியா?”

முறை

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. சுருளிப்பட்டியில் ஒரு வாழைத் தோட்டக்காரர், முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்று பெட்டி வாங்கினார். பெயர் தங்கராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் படிவத்தை வரி விடாமல் நிரப்பினேன். எத்தனை ஹெச்.பி. மோட்டார், கேபிள் எவ்வளவு நீளம், கிணறு எவ்வளவு ஆழம், சிக்னல் எப்படி. பெட்டியை மாட்டி, அவருடைய போன் நம்பரைப் பதிந்தேன். அவர் கால் வலியைப் பார்த்துப் பாவமாக இருந்ததால், அவர் கேட்காமலேயே இன்னொரு உபகாரமும் செய்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு மோட்டார் தானாகவே ஓடும்படி நேரத்தையும் பதிந்துவிட்டு வந்தேன். அதை அவரிடம் சொன்னேனா என்றால், சொன்னதாகத்தான் நினைத்தேன்.

படிவத்தில் ஹெச்.பி. இருந்தது, அண்ணன் தம்பி இல்லை. அது கூட்டுக் கிணறு. மூன்று நாள் தங்கராசுவின் முறை, மூன்று நாள் அவர் தம்பி செல்லையாவின் முறை. முறை முடிகிற சாயங்காலம் ஒருவர் மோட்டார் ரூமைப் பூட்டி, வெளியே இருக்கும் ஆணியில் சாவியை மாட்டிவிட்டுப் போவார். மறுநாள் காலை அடுத்தவர் வந்து சாவியை எடுத்து, தண்ணீர் போகும் வால்வைத் தன் தோட்டத்துப் பக்கம் திருப்பி, மோட்டாரைப் போடுவார். பாகம் பிரித்ததில் மனம் கசந்து, இருவரும் பேசிப் பல வருடம் ஆகிறது. அவர்களுக்கு நடுவில் போய் வந்துகொண்டிருந்தது அந்தச் சாவி ஒன்றுதான். அந்த வருடங்களில் ஒருநாள்கூட முறை தப்பியதில்லை.

நான் பெட்டியை மாட்டியது தங்கராசுவின் முறையில் கடைசி நாள், மறுநாள் தம்பியின் முறை. தங்கராசு முந்தின சாயங்காலமே நொண்டி நொண்டி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். காலை ஆறு மணிக்கு என் உபகாரம் வேலை செய்தது. செல்லையா ஏழு மணிக்கு வரும்போது, அவருடைய முறைத் தண்ணீர் அண்ணனின் வாழைக்குள் ஒரு மணி நேரமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ‘தண்ணித் திருடன்’ என்று அவர் போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. கடைக்குப் போன் போயிற்று. போனை வைத்துவிட்டு முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “தனிக் கிணறா, கூட்டுக் கிணறான்னு கேட்டியா?” கேட்கவில்லை. படிவத்தில் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். “போயி பெட்டியக் கழட்டிக் கொண்டுட்டு வா. அப்பறம் பேசுவோம்” என்றார். அப்பறம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். சுருளிப்பட்டி வரைக்கும் ஸ்கூட்டரில் என் பின்னால் அந்த ஜீப் இடம்தான் உட்கார்ந்து வந்தது.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி, சுற்றிலும் ஊர். இருவரும் என்னிடம்தான் பேசினார்கள். “என் முறையில தண்ணி அவுக தோட்டத்துல பாயுது. கேளும்மா, அவுகட்டயே கேளு” என்றார் தம்பி. “சாவிய மாட்டிட்டு வந்தவன் எதுக்குத் திருடப் போறேன் தாயி? நான் போனத் தொடவே இல்ல. அவன்ட்டச் சொல்லு” என்றார் அண்ணன். பெட்டி கெட்டுவிட்டது, சிக்னல் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க எங்கள் தொழிலில் நிறைய வார்த்தைகள் உண்டு. சொல்லியிருந்தால் வேலைகூடத் தப்பியிருக்கும். ஆனால் தம்பி நம்பியிருக்கமாட்டார். பல வருடம் முறை தவறாத அந்த மனிதர் ஊர் முன்னால் திருடனாகவே நின்றிருப்பார். எனக்கு மனசு வரவில்லை. தப்பு என்னுடையது, அண்ணனுக்கு இது தெரியவே தெரியாது என்று சொல்லி, நான் பதிந்த ஆறு மணியை என் போன் திரையில் எடுத்துக் கூட்டத்துக்கே காட்டினேன். காட்டும்போது அழுதுவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“என் முறையில ஒரு மணி நேரத்த அவன எடுத்துக்கிறச் சொல்லு தாயி” என்றார் அண்ணன். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். அது சம்மதம் என்று பக்கத்தில் நின்றவர் எனக்கு விளக்கினார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆறு மணியை அழித்தேன். பெட்டியில் இரண்டு பேர் நம்பரையும் பதியலாம், ஒருவர் மோட்டாரைப் போட்டால் அடுத்தவர் போனுக்கு மெசேஜ் வந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது என்றேன். தம்பியிடம் நம்பர் கேட்டேன். “என் நம்பர் எனக்கெங்க தெரியும்? போனு வீட்ல கெடக்கு” என்றார். ஊரில் பாதிப் பேருக்குத் தன் நம்பர் தெரியாது, அதில் ஆச்சரியமில்லை. அப்போது கிணற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, வாழையைப் பார்த்துக்கொண்டே, தங்கராசு பத்து எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். போனைப் பார்க்கவில்லை, யோசிக்கவுமில்லை. சரிதானா என்று பார்க்க நான் அடித்தேன். தம்பியின் மனைவி எடுத்தார்.

செல்லையா அண்ணனை ஒரு முறை பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அவுகட்டச் சொல்லும்மா. மெசேஜு எனக்கு வாசிக்க வராது. போனே பண்ணச் சொல்லு.”

ஆயிரம் தாள்

பெட்டியைக் கழற்றாமல் வெறுங்கையோடு கடைக்குத் திரும்பினேன். முதலாளி மேசையில் இல்லை. எனக்கு முன்னாலேயே சுருளிப்பட்டியிலிருந்து தங்கராசு போன் செய்துவிட்டார் என்று ஜெயா அக்கா சொன்னார். பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்றாராம். “செஞ்ச தப்ப வாயால சொன்ன மெக்கானிக்க இப்பத்தான் பாக்குறேன். அடுத்த தடவையும் இந்தப் புள்ளையவே அனுப்புங்க” என்றாராம். போன் செய்யச் சொல்லி அவரை நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. என்னால் ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றவர், வீடு போய்ச் சேருவதற்குள் எனக்காகப் பேசியிருக்கிறார். இந்த நன்றியை எந்தப் பெட்டியில் பதிந்து எத்தனை தடவை சொன்னாலும் தீராது.

மீதி நாளெல்லாம் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு அனுப்பினார், போனேன். மூன்று மாதம் முடிந்தது. நிரந்தரம் என்று ஒரு கடிதம் வரும் என்று மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அச்சகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. புதிய படிவம். முதல் வரியே ‘தனிக் கிணறா, கூட்டுக் கிணறா? கூட்டு என்றால் முறை எப்போது மாறும்?’ அதற்குக் கீழேதான் ஹெச்.பி. கடைசியில் மெக்கானிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் பெயரையும் அச்சிலேயே போட்டிருந்தார்கள். எனக்கு அப்போதும் புரியவில்லை. கடிதம் எப்போது வரும் என்று ஜெயா அக்காவிடம் கேட்டேன். அவர் கட்டைத் தூக்கி என் மடியில் வைத்தார்: “ஆயிரம் தாள் அடிச்சிருக்காக. இது தீர்ற வரைக்கும் உன்ன வேலைய விட்டு அனுப்ப மாட்டாக, போதுமா?”

காலி இடம்

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா என் கையைத்தான் முதலில் பார்த்தாள். நகக்கண் எல்லாம் கிரீஸ். ஏலக்காய் பறித்துப் பறித்து அவள் விரல்களில் கறுத்துப்போன கறை சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. இரண்டு பேரும் கையை ஒன்றாக நீட்டிப் பார்த்துச் சிரித்தோம். படிவத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு என் பெயரை மட்டும் வாசிக்கத் தெரியும். அதை விரலால் தடவிப் பார்த்தாள். இனி நீ போக வேண்டாம் என்றேன். தோட்டத்தில் பாதிக் காய் செடியிலேயே நிற்கிறது, பறித்து முடிக்காமல் எப்படி நிற்பது என்று அதட்டினாள். அந்த விசயத்தில் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் வெள்ளனவே நானும் எழுந்து, அவளை ஸ்கூட்டரில் ஜீப் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். ஜீப் ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஆனாலும் அவள் பக்கத்தில் ஒரு ஆள் ஒடுங்குகிற அளவு இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக அது எனக்காக அப்படியே கிடந்திருக்கிறது. டிரைவர் என்னைப் பார்த்ததும் சாக்கைத் தட்டிப்போட்டு, “வா பாப்பா, ஏறிக்க” என்றார். அம்மா தூக்குச்சட்டியை உள்ளே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அன்று வாசலில் பேசாமல் நின்ற அதே அம்மா, ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கப்பா. எம் மக வரமாட்டா.”

நான்கு வருடப் படிப்பால் வாங்கித் தர முடியாத முதல் வேலையைப் பேசிக்கொள்ளாத ஒரு அண்ணனும் தம்பியும் ஒரு மணி நேரத் தண்ணீரில் எனக்கு வாங்கித் தந்துவிட்டார்கள், நாய் விசயத்தில் சொன்ன பொய்யை மட்டும் முதலாளியிடம் ஒப்புக்கொள்ள நான் இன்னும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.